வரிசை எண் பதினேழு: கல்

காலை பத்து நாற்பதுக்கு ஞானசீலனுக்கு டோக்கன் கொடுத்தார்கள். எண் ஒன்று. அன்று அந்த அலுவலகத்துக்கு வேறு யாரும் வந்திருக்கவில்லை.

சுவரில் இருந்த எண் பலகை எட்டில் நின்றிருந்தது. போன வாரத்து எட்டு. அந்தப் பலகைக்கு முன்னால் போகத்தான் தெரியும். தொண்ணூற்றொன்பது வரை போய்விட்டுத்தான் ஒன்றுக்குத் திரும்பும். ஒவ்வோர் எண்ணையும் இரண்டு முறை கூப்பிட வேண்டும், ஆள் வருகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது விதி. எழுத்தர் ஷண்முகப்ரியா ஒன்பதிலிருந்து ஆரம்பித்தாள். காலி பெஞ்சுகளைப் பார்த்து இரண்டு முறை கூப்பிடுவாள். வாசலைப் பார்ப்பாள். பிறகு அடுத்த எண். நாற்பத்தாறில் டீ வந்தது. குடித்துவிட்டு நாற்பத்தாறை மறுபடியும் கூப்பிட்டாள். டீ நேரத்தில் யாராவது வந்துவிட்டுப் போயிருந்தால் பாவம் என்றாள்.

ஒன்று என்று அவள் முதல் முறை கூப்பிட்டபோது மணி ஒன்று. இரண்டாம் முறை கூப்பிட்டது சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த பிறகு.

"இங்கதானுங்க இருக்கேன்" என்றார் ஞானசீலன்.

"தெரியுதுங்க சார். ரெண்டு தடவை கூப்பிட்டாத்தான் நீங்க வந்ததா அர்த்தம்."

ஞானசீலனுக்குக் கோபம் வரவில்லை. குன்னூருக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் கிளார்க்காக இருந்தவர். காகிதம் மெதுவாகப் போகும், ஆனால் போய்ச் சேரும் என்று நம்புகிறவர். வரிசையில் நிற்கிற ஆளைவிட வரிசை பெரியது என்று புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

அலுவலகத்தின் பெயர் தனிநபர் வாகன அயலகத் தங்கல் மற்றும் மீள்வருகை உறுதிப் பிரிவு. ஊட்டியிலிருந்து இத்தலார் போகிற ரோட்டில் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. முன்னால் சரிவான முற்றம். முற்றத்தின் கீழ் விளிம்பில் இடுப்பளவு வேலிச்செடி. அதற்குக் கீழே படிப்படியாகக் கேரட் தோட்டம். சொந்தக் காரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் நீண்டநாள் தங்க நினைக்கும் எவரும் இந்தப் படியேற வேண்டும். அப்படி ஓர் அலுவலகம் இருப்பது ஞானசீலனுக்கு அந்த மாதம்தான் தெரியும். மலைக்கு ஏறி வரும் கார்களுக்குத்தான் பாஸ் கேட்பார்கள், இறங்கிப் போகும் காரை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தார்.

காருக்குக் காரணம் அவர் மனைவி மெட்டில்டா. நான்கு வருடத்துக்கு முன்னால் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் மழை ஈரத்தில் விழுந்தாள். முதுகில் கம்பி வைத்தார்கள். அதன்பிறகு பஸ்ஸும் ஜீப்பும் வேறு யாருடைய காரும் அவளுக்கு ஆகவில்லை. குன்னூரில் பட்டறை வைத்திருக்கும் லிங்கசாமி, ஞானசீலனுடைய காரின் முன் சீட்டை அறுத்து, அடியில் ஒரு தட்டு வைத்து, கதவைத் திறந்தால் வெளிப்பக்கம் திரும்பும்படி செய்துகொடுத்தார். சீட்டின் உயரமும் சக்கர நாற்காலியின் உயரமும் ஒன்று. அவள் நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். உலகத்தில் அந்த ஒரு சீட்டில்தான் அவளால் வலியில்லாமல் பயணம் செய்ய முடிந்தது.

அவளுடைய அக்கா ரோஸ்மேரி இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தாள். மெட்டில்டாவுக்கு ஒன்பது வயதாகும்போது இரு நாட்டு ஒப்பந்தப்படி குடும்பத்தை இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ரோஸ்மேரிக்கு அங்கே கல்யாணம் ஆகியிருந்ததால் அவளுடைய பெயர் அனுப்புகிறவர்கள் தாளில் இல்லை. ஐம்பது வருடத்தில் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்கள். இப்போது ரோஸ்மேரிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். டாக்டர் ஒரு வருடம் என்று சொன்னாராம். கூடலாம், குறையலாம்.

அந்த ஒரு வருடத்தை அக்காவோடு இருக்க வேண்டும் என்று மெட்டில்டா சொன்னாள். பிளேனில் போய் இறங்கிவிடலாம். ஆனால் கார் இல்லாமல் அங்கே போனால் அவள் ஒரு அறையில் படுத்திருப்பாள், அக்கா பஸ்ஸில் போய்வந்துகொண்டிருப்பாள். கார் இருந்தால் தங்கை முன் சீட்டில், அக்கா பின் சீட்டில், ஞானசீலன் ஓட்டுவார். தூத்துக்குடியில் கப்பலேற்றினால் கொழும்பு. அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மலையும் இதே மலை, தேயிலையும் இதே தேயிலை. ஒரு தாள் மட்டும் வேண்டும்.

கண்காணிப்பாளர் கருணாகரன் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டு, மெல்லப் பேசுகிறவர். விண்ணப்பத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தார். ஏழாவது கட்டம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் ஒட்டினார்.

"காரணம் எழுதற கட்டமுங்க அது" என்றார். "நாங்க படிக்கறதில்லை. படிச்சா மனசு எளகிடும். எளகிட்டா ஒருத்தருக்கு ஒரு மாதிரி, இன்னொருத்தருக்கு ஒரு மாதிரி ஆயிடும். எல்லாருக்கும் சமமா இருக்கணுமில்லீங்களா."

ஞானசீலன் ஒப்புக்கொண்டார். அது நியாயமாகவே பட்டது.

"வண்டி போறது உங்க இஷ்டம். திரும்பி வர்றதுதான் எங்க பொறுப்பு. இந்தப் பிரிவு ஆரம்பிச்சு ஆறு வருஷமாச்சுங்க. இதுவரைக்கும் ஒரு வண்டிகூட திரும்பி வராம இருந்ததில்லை."

"எத்தனை வண்டிங்க போயிருக்கு?"

"ஒண்ணும் போகலைங்க" என்றார் கருணாகரன். பின்னால் சுவரில் ஒரு பாராட்டுச் சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

முதலில் காரின் புகைப்படம் கேட்டார்கள். நேர்முகமாக, வெள்ளைப் பின்னணியில், இரண்டு பக்கக் கண்ணாடியும் காதுபோல் விரிந்து தெரிய வேண்டும். வைப்பர் நெற்றியில் விழக் கூடாது. ஜூலை மாதம். லிங்கசாமியும் ஞானசீலனும் காரைத் தொட்டபெட்டா ரோட்டுக்குக் கொண்டுபோய் மஞ்சுமூட்டம் இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள். மலையில் அதைவிட வெள்ளையான பின்னணி கிடையாது. மஞ்சு வந்தது. படம் எடுத்தார்கள். கார் வெள்ளைக் கார். படத்தில் நம்பர் பிளேட் மட்டும் தனியாக நின்றது.

கருணாகரன் அதை வெகுநேரம் பார்த்தார். பின்னணி நன்றாக இருக்கிறது, இப்படிப்பட்ட பின்னணியை யாரும் கொண்டுவந்ததில்லை என்றார். காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படம் ஏற்கப்பட்டது.

அடுத்தது பிணை. போகிற கார் திரும்பி வரும் வரை இன்னொரு வண்டி இங்கே பிணையாக நிற்க வேண்டும். லிங்கசாமி தன் பட்டறைக்குப் பின்னால் நின்ற ஜீப்பைக் கொடுத்தார். அதில் இஞ்சின் இல்லை. சீட்டுக்கடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இதை ஏற்பார்களா என்று ஞானசீலன் பயந்தார். பார்வையிட வந்த கருணாகரன் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, போனட்டைத் திறந்து உள்ளே காலியாக இருப்பதைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"எங்க பிரிவு எதிர்பார்க்கற வண்டி இதுதானுங்க. எல்லாரும் இப்பிடி வெச்சிருந்தா எங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவர் போன பிறகு லிங்கசாமி சொன்னார்: "ஏனுங்க சார், உங்க கார்லயும் இஞ்சினக் கழட்டிட்டா நாளைக்கே அனுமதி குடுத்துருவாங்களாட்டம்."

ஞானசீலன் சிரிக்கவில்லை. எந்த முறைக்கும் ஆரம்பத்தில் குறை இருக்கும் என்றார்.

தினமும் நாலு மணிக்கு மேல் ரோஸ்மேரி போனில் கூப்பிடுவாள். கேள்வி ஒன்றுதான். கார் பொறப்பட்டுச்சா தங்கச்சி. இன்னும் இல்லைக்கா, இந்த மாசம் ஆயிடும் என்பாள் மெட்டில்டா. பிறகு வேறு பேசுவார்கள். வாசல் படியை இடித்துச் சக்கர நாற்காலி ஏறச் சரிவாக சிமென்ட் போட்டிருப்பதாக ரோஸ்மேரி சொன்னாள். கார் நிறுத்துவதற்குக் கொய்யா மரத்தை வெட்டிவிட்டதாகச் சொன்னாள். வெட்டியிருக்க வேண்டாம் என்று மெட்டில்டா கோபித்துக்கொண்டாள். மரம் கிடக்குது, ஒனக்கு எடம் வேணுமில்ல என்றாள் அக்கா.

ஆகஸ்டில் பொருள் பட்டியல் கேட்டார்கள். காரோடு எப்போதும் இருக்கும் பொருட்களை வரிசை எண்ணிட்டு எழுத வேண்டும். ஞானசீலன் தன் வாழ்நாளில் மிக நன்றாகச் செய்த வேலை பட்டியல் எழுதுவது. காரை வாசலில் நிறுத்தி, எல்லாவற்றையும் இறக்கி வைத்து எழுதினார். ஸ்டெப்னி ஒன்று. ஜாக்கி ஒன்று. குடை ஒன்று. கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலை ஒன்று. முதுகுக்கு வைக்கும் சிறு தலையணை இரண்டு. பதினேழாவதாக எழுதினார்: கல் ஒன்று.

மலையில் கார் வைத்திருக்கும் யாரும் ஹேண்ட் பிரேக்கை நம்புவதில்லை. நிறுத்தினால் கியரில் போடுவார்கள். பிறகு இறங்கி, சரிவைப் பார்த்து, சக்கரத்துக்குக் கல் வைப்பார்கள். கல்லைக் காரிலேயே வைத்திருப்பார்கள். ஞானசீலனுடைய கல் ஒரு பக்கம் தட்டையானது. மெட்டில்டா நடந்துகொண்டிருந்த நாளில் பைக்காராவுக்குப் படகு சவாரி போனபோது அவள் பார்த்து எடுத்தது. பதினோரு வருடமாக அதே கல்.

லிங்கசாமி பட்டியலைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"கல்லையெல்லாமாங்க எழுதுவாங்க?"

"இருக்குதே லிங்கசாமி."

"தலையில பேன் இருந்தா அதையும் எழுதுவீங்களாக்கும்."

இருப்பதை எழுத வேண்டும், இல்லாததை எழுதக் கூடாது, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றார் ஞானசீலன்.

பதினாறு பொருளும் ஒரே நாளில் தேறின. பதினேழாவதற்குக் கருணாகரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கல் என்பது பொருள் அல்ல, நிலத்தின் பகுதி என்றார். காரை எடுத்துப் போகலாம், நிலத்தை எடுத்துப் போக முடியுமா என்று கேட்டார். ஞானசீலன் உடனே கல்லைத் தூக்கி எறிந்துவிடுவதாகச் சொன்னார்.

"பட்டியல்ல ஏறின பொருளை எறிய முடியாதுங்க. எறிஞ்சா பட்டியல் பொய் ஆயிடும். பட்டியல் பொய்யானா நீங்க பொய் சொன்னவரு ஆயிடுவீங்க. பொய் சொன்னவரு வண்டி திரும்பி வரும்னு நாங்க எப்பிடி நம்பறது?"

கல்லுக்குத் தனிக் கோப்பு திறந்தார்கள். கல்லை எடை போட்டார்கள். மூன்று கிலோ நானூறு கிராம். துணி நாடா சுற்றி அரக்கு முத்திரை வைத்தார்கள். கோப்பு மேலிடத்துக்குப் போயிற்று. காரின் கோப்பு கல்லின் கோப்புக்காகக் காத்திருந்தது. ஐந்து வாரம் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: மேற்படி கல் முழுக் கல்லா, அல்லது வேறொரு பெரிய கல்லின் பகுதியா?

ஞானசீலன் இரண்டு நாள் யோசித்தார். முழுக் கல் என்று நம்புகிறேன் என்று எழுதினார். நம்புகிறேன் என்ற சொல் போதாது என்று அது திரும்பி வந்தது. முழுக் கல் என்று உறுதி கூறுகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய் சொல்கிறோமோ என்று அன்று முழுவதும் அவருக்கு உறுத்தியது. மெட்டில்டாவிடம் கேட்டார். எல்லாக் கல்லும் எதிலிருந்தோ உடைஞ்சதுதாங்க என்றாள் அவள்.

அக்டோபரில் காரை அலுவலக முற்றத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். தொண்ணூறு நாள் கண்காணிப்பு. அனுமதி கிடைப்பதற்கு முன்பே கார் வெளிநாடு போய்விடாமல் பார்த்துக்கொள்வதற்காக.

"அவளுக்கு அந்த வண்டி இல்லாம வெளியில போக முடியாதுங்க" என்றார் ஞானசீலன். "வாரம் ஒருக்கா பிசியோதெரபிக்குப் போகணும்."

"அது ஏழாவது கட்டத்துல வர்ற விஷயமுங்க" என்றார் கருணாகரன். வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஞானசீலன் காரை முற்றத்தில் நிறுத்திக் கியரில் போட்டார். கருணாகரன் ஜன்னலில் தட்டினார். முற்றம் கழுவும்போது வண்டியைத் தள்ளி நகர்த்த வேண்டியிருக்கும், அதனால் ஒப்படைத்த வண்டி நியூட்ரலில்தான் நிற்க வேண்டும். பதினாலாவது விதி. ஞானசீலன் நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கைப் பல்லைக் கடித்து இழுத்துவிட்டு, அரக்கு முத்திரையோடு கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்கு வைத்தார். பட்டியலில் இருக்கும் பொருள் வண்டியோடு இருக்க வேண்டும் என்றுதான் விதி. உள்ளே இருந்தாலும் கீழே இருந்தாலும் சரி என்று கருணாகரன் அனுமதித்தார். அந்த ஓர் இடத்தில் விதி இரக்கம் காட்டியதாக ஞானசீலன் நினைத்தார். வீட்டுக்குப் போய் மெட்டில்டாவிடம் அதைச் சொன்னார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாரம் ஒருமுறை அவர் இரண்டு பஸ் மாறி வந்து காரைப் பார்த்துவிட்டுப் போனார். தொட அனுமதி இல்லை. வேலியோரம் குடை பிடித்து நின்று பார்ப்பார். ஹேண்ட் பிரேக் கம்பி நனைந்து துருவேறிக்கொண்டிருக்கும் என்று தெரியும். கல் நனைந்து கறுத்து, தட்டைப் பக்கம் மண்ணில் பதிந்து, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஷண்முகப்ரியா ஜன்னலிலிருந்து கையசைப்பாள். ஒருமுறை வெளியே வந்து, யாருக்கும் சொல்லாதீங்க சார், நேத்து உங்க காருக்கு மேல ஒரு தார்ப்பாயி போட்டேன், பட்டியல்ல இல்லைன்னு எங்க சார் எடுத்துட்டாரு என்றாள்.

மெட்டில்டா வீட்டிலேயே இருந்தாள். கால் வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போனார். நாலு மணிக்கு மேல் போன் வந்துகொண்டிருந்தது. இப்போது ரோஸ்மேரி வாசலைப் பற்றியும் மரத்தைப் பற்றியும் பேசுவதில்லை. மகன் பெனிஸ் போனை வாயருகே பிடித்திருப்பான். அவள் அந்த ஒரு கேள்வியைக் கேட்பாள். பதிலைக் கேட்டுவிட்டு, சரி என்பாள். பிறகு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். போனை வைக்க இரண்டு பேருக்கும் மனம் வராது.

டிசம்பரில் ஒருநாள் ஞானசீலன் கருணாகரனின் மேஜைக்கு முன்னால் நின்று, முதல் முறையாக, கேட்கக் கூடாததைக் கேட்டார். ஏழாவது கட்டத்தில் ஒட்டிய தாளைக் கொஞ்சம் தூக்கிப் பார்க்க முடியுமா என்று.

கருணாகரன் மஃப்ளரை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டார்.

"எனக்கும் அக்கா இருக்காங்க" என்றார். "கோயமுத்தூர்ல. பார்த்து ஒம்பது வருஷமாச்சு. லீவு எழுதிக் குடுத்தா காரணம் கேட்கறாங்க. காரணம் எழுதினா ஒட்டிடறாங்க. நான் என்ன பண்றதுங்க? முறைன்னு ஒண்ணு இருக்கு. முறையை நம்பித்தானுங்க நாம எல்லாம் இருக்கோம்."

ஞானசீலன் குடையை எடுத்துக்கொண்டார். அவரே முப்பத்திரண்டு வருடம் சொல்லிவந்த வாக்கியம் அது.

ஜனவரி மூன்றாம் வாரம் கடிதம் வந்தது. கல்லின் கோப்பு தீர்ந்தது. காரைப் பெற்றுக்கொள்ளலாம். பயனாளி நேரில் வர வேண்டும், சுழலும் இருக்கையின் பயன்பாட்டைச் செய்துகாட்ட வேண்டும். பயனாளியைக் கொண்டுவரக் கூடிய ஒரே வண்டி அந்த முற்றத்தில்தான் நின்றது. ஞானசீலன் ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்தார். மெட்டில்டா குன்னூரிலிருந்து படுத்துக்கொண்டே வந்தாள். வழியில் எங்கே வருகிறோம் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். லிங்கசாமி பிணைதாரர் என்ற முறையில் வந்திருந்தார்.

மூன்று மணிக்கு இருக்கைச் சோதனை நடந்தது. மெட்டில்டா சக்கர நாற்காலியிலிருந்து காருக்கு நகர்ந்தாள். நான்கு மாதம் கழித்து அந்த சீட்டில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். சிறு தலையணையைத் தொட்டுப் பார்த்தாள். அது ஈரமாக இருந்தது. இறங்கச் சொன்னார்கள். அவள் இறங்கிய பிறகு கருணாகரன் தானே உட்கார்ந்து வெளியே திரும்பினார், உள்ளே திரும்பினார். மறுபடி ஒருமுறை வெளியே திரும்பினார். நல்லாத்தான் இருக்குதுங்க என்றார்.

மெட்டில்டாவை வராந்தாவில் வெயில் படும் இடத்தில் உட்காரவைத்தார்கள். ஆம்புலன்ஸ் டிரைவர் டீ குடிக்கப் போனார். பொருள் சரிபார்ப்பு ஆரம்பித்தது. ஸ்டெப்னி, ஜாக்கி, குடை. ஷண்முகப்ரியா ஒவ்வொன்றையும் இரண்டு முறை கூப்பிட்டாள். பதினேழு வந்தது.

கல்லை எடை போட வேண்டும். தராசு உள்ளே மேஜைமேல் இருந்தது. தராசு அலுவலகப் பொருள், வெளியே வராது. கல்தான் உள்ளே வர வேண்டும்.

"கல்லை எடுத்தா வண்டி நிக்காதுங்க" என்றார் ஞானசீலன். "வேற கல்லு ஒண்ணு வெச்சுட்டு எடுக்கறேன்."

"வேற கல்லு வெச்சா அது பதினெட்டாவது பொருளுங்க."

"அப்ப கியர்ல போட்டுக்கறேன்."

"பதினாலாவது விதி."

"நான் வண்டியைப் புடிச்சிட்டு நிக்கறேனுங்க."

"எடை போடறப்ப உரிமையாளர் பக்கத்துல இருக்கணும்."

லிங்கசாமி முன்னால் வந்தார். பிணைதாரர் வண்டியைத் தொட்டால் பிணை செல்லாது என்று கருணாகரன் சொன்னார். லிங்கசாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எதுக்குப் பயப்படறீங்க? தொண்ணூறு நாளுக்கு மேல நின்ன வண்டிங்க இது. நின்னு பழகியிருக்கும்" என்றார் கருணாகரன்.

ஞானசீலன் குனிந்து கல்லைப் பிடித்தார். மண் விடவில்லை. இரண்டு பக்கமும் அசைத்து இழுத்தார். வந்தது. அவர் அப்படியே குந்தியபடி சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் நின்றது.

"பாத்தீங்களா" என்றார் கருணாகரன்.

உள்ளே போனார்கள். அரக்கு முத்திரை சரியாக இருந்தது. கல்லில் ஒட்டியிருந்த மண்ணை எடையில் சேர்ப்பதா என்று கொஞ்ச நேரம் பேச வேண்டியிருந்தது. ஷண்முகப்ரியா அதைத் துடைத்து, துடைத்த மண்ணை ஒரு தாளில் மடித்துக் கோப்பில் வைத்தாள். தராசில் வைத்தார்கள். மூன்று கிலோ நானூறு.

கருணாகரன் பேனாவை எடுத்தார். அது அவர் பணியில் முதல் அனுமதி ஆணை. முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திடத் தொடங்கினார். க எழுதினார், ரு எழுதினார். அப்போது ஜன்னலில் வெள்ளையாக ஏதோ இடமிருந்து வலமாக நகர்ந்து போயிற்று. மஞ்சு என்று ஞானசீலன் ஒரு கணம் நினைத்தார். சத்தமே இல்லை. அந்த வேகத்துக்கு ஓர் ஆள் பக்கத்தில் பேசிக்கொண்டே நடந்து போயிருக்கலாம்.

"சார்" என்று வெளியே லிங்கசாமி கத்தினார்.

ஞானசீலன் ஓடினார். அவர் படியிறங்குவதற்குள் கார் வேலிச்செடியைச் சாய்த்து, கொஞ்சம் தயங்கி, முன்பக்கத்தைத் தாழ்த்தியது. தோட்டத்தின் முதல் படியில் நிமிர்ந்தே விழுந்தது. இரண்டாவதில் பக்கவாட்டில். நான்காவது படியில் சக்கரங்கள் மேலே இருந்தன. கேரட் பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் கையில் கேரட்டோடு ஒதுங்கி நின்றார்கள். சுழலும் சீட்டு கதவை உடைத்துக்கொண்டு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது, யாரோ நகர்ந்து உட்கார வருவதற்காக என்பதுபோல. லிங்கசாமியின் கைகள் இன்னும் பின்னால் கட்டியபடியே இருந்தன.

கருணாகரன் கையெழுத்தை முடித்து, முத்திரை குத்தி, மை காய ஊதிக்கொண்டே வெளியே வந்தார். கீழே எட்டிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அனுமதி நாலு மணிக்கு ஆச்சுங்க. வண்டி மூணு அம்பத்தெட்டுக்குப் போயிருக்கு." அவர் உள்ளே மாட்டியிருந்த சான்றிதழ் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஆறு வருஷத்துல ஒரு வண்டிகூட அனுமதி இல்லாமப் போனதில்லை."

அவர் தொடர்ந்தார். இனி இந்த வண்டி அலுவலகக் கண்காணிப்பிலிருந்து வெளியேறிய வண்டி. அதைத் திரும்பக் கொண்டுவர மீள்வருகைப் படிவம் இருக்கிறது. அதற்கு வேறு வரிசை, வேறு டோக்கன். ஆணை செல்லும், கையெழுத்து ஆகிவிட்டதால் ரத்துசெய்ய முடியாது. ஒரு வருடத்துக்குச் செல்லும், இன்றிலிருந்து. பிணை வண்டியை மட்டும் பறிமுதல் செய்ய வேண்டும்.

"வந்து எடுத்துக்கங்க" என்றார் லிங்கசாமி. "கோழி இருக்குது. பட்டியல்ல சேர்த்துக்கங்க."

ஞானசீலன் ஆணையை வாங்கிக்கொண்டார். பழக்கத்தில் தேதியைச் சரிபார்த்தார், முத்திரையைச் சரிபார்த்தார். தவறே இல்லை. முப்பத்திரண்டு வருடத்தில் இவ்வளவு பிழையில்லாத தாளை அவர் பார்த்ததில்லை.

ஷண்முகப்ரியா கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டியலில் அது ஒன்றுதான் கைவசம் இருந்தது. பயனாளியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆணையில் இருந்தது. அவள் வராந்தாவில் இருந்த மெட்டில்டாவின் மடியில் கல்லை வைத்தாள், மெல்ல, குழந்தையை வைப்பதுபோல. ஒரு பதிவேட்டை நீட்டினாள். மெட்டில்டா கையெழுத்துப் போட்டாள். பிறகு இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டாள். அதன் தட்டைப் பக்கம் மேலே இருந்தது.

ஞானசீலன் அவள் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தார். கீழே தோட்டத்தில் பெண்கள் மறுபடியும் கேரட் பிடுங்க ஆரம்பித்திருந்தார்கள். காரைச் சுற்றி வேலை நடந்தது.

சால்வைக்குள் போன் அடித்தது. மெட்டில்டா எடுக்கவில்லை. நின்றுவிட்டு மறுபடி அடித்தது. அவர் எடுத்து, பொத்தானை அழுத்தி, அவள் காதருகே பிடித்தார். அந்தப் பக்கம் முதலில் மூச்சு கேட்டது. பிறகு பெனிஸ், பேசுங்கம்மா, சித்தி லைன்ல இருக்காங்க என்றான்.

"கார் பொறப்பட்டுச்சா தங்கச்சி?"